சாம்பிராணி போட்ட கேமரா

இந்த ஊரில் பனிக்காலத்தில் கேமராவை வெளியே எடுத்துப்போனால், திரும்பும்போது நேராக வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர், உள்ளே ஹீட்டரின் வெதுவெதுப்பு. வாசலைத் தாண்டியதும் லென்ஸுக்கு வேர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி வேர்க்கும். ஆகவே வெளியிலேயே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, வெளியும் இல்லாத உள்ளும் இல்லாத ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டுமாம். கேமரா விற்ற கடைக்காரர் சொன்னது. எங்கள் வின்னிபெக் குடியிருப்பில் அப்படிப்பட்ட இடம் மாடிப்படி ஒன்றுதான். பையை அங்கே தனியாக விட்டுப்போக எனக்கு மனசு வராது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தாலும் அந்தத் துண்டின் மேலேயே கண் வைத்திருக்கும் கீழ்பென்னாத்தூர்க்காரி நான். பையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிடுவேன்.

கீழ்வீட்டு மார்கரெட் அம்மாள் ஒருநாள் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தார். "கதவு பூட்டியிருக்கிறதா?" என்று கேட்டார். என் கணவர் எப்போதும் உள்ளே பூட்டிக்கொண்டுதான் இருப்பார், ஆமாம் என்றேன். "எவ்வளவு நேரம் இப்படி?" ஒரு மணி நேரம் என்றேன். "அடிக்கடி நடக்குமா?" நான் வெளியே போய்விட்டு வந்தால் மட்டும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. உள்ளே போய் ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து கொடுத்தார். அன்று முதல் என் கணவரைக் கண்டால் முறைப்பு. அந்த மனிதரோ கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற சாது. தான் செய்த குற்றம் என்னவென்றே தெரியாமல் பனிக்காலம் முழுக்க அந்த அம்மாளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய கேமராவைத்தான் அந்தச் சித்திரையில் தங்கை செல்வியின் கல்யாணத்துக்கு எடுத்துப்போனேன். திருவண்ணாமலையில், தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் மண்டபம். அப்பா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில், புருஷனை இழந்தவள் தாலி கட்டும்போது எதிரில் நிற்கக் கூடாது. பெற்ற தாயாக இருந்தாலும் சாமான் அறையில் சீர்வரிசைக்குக் காவலாக உட்கார வேண்டியதுதான். அப்பாவின் அக்காவான பெரியத்தையிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "ஊரு ஒலகத்துல இல்லாததையா நான் சொல்றேன்? நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கடி" என்றார். அம்மாவே என் கையைப் பிடித்து இழுத்தாள். "வுடு. நீ தாலி கட்றத போட்டோ புடிச்சாந்து காட்டு. நான் அதுல பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த ஒரு படத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் பறந்து வந்ததே. வேறு படம் எடுப்பவரும் இல்லை. "கனடா கேமரா வருது, நீங்க வேணாம்" என்று சித்தப்பா ஸ்டூடியோக்காரரை முன்கூட்டியே அனுப்பிவிட்டிருந்தார். முதல்நாள் சாயங்காலம் சித்தப்பாவிடமே கேமராவைக் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். மண்டபத்துக்கு அடுத்த கட்டடத்தில் அவருக்குக் கூல்டிரிங்ஸ் கடை. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், மணமேடை ஏறப்போகும் அவசரத்தில் வாழையிலையில் சுற்றிய பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். தொட்டதும் கை விறைத்தது.

"குளிர் தேசத்துப் பொருளாச்சே, இந்த வெயில்ல வெந்துடும்னு ஐஸ் பெட்டியில வெச்சிருந்தேன். சும்மா ஜில்லுனு இருக்குது பாரு!" என்றார். முகத்தில் அத்தனை பெருமை. அவரை என்ன சொல்லித் திட்டுவது? மேடையில் ஓமப்புகை, பின்கட்டில் சாதம் வடித்த ஆவி, நடுவே விசிறிக்கொண்டிருக்கும் கூட்டம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லென்ஸ் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. முந்தானையால் துடைத்தேன், மறுபடி வெளுத்தது. நான் அழாத குறை. பெரியத்தை வந்து உற்றுப் பார்த்து, உடனே வைத்தியம் சொல்லிவிட்டார்: "ஜலதோஷம் புடிச்சிருக்குது. தலைக்கு ஊத்தின கொழந்தைக்கு என்னா பண்ணுவோம்? சாம்பிராணி காட்டு." என் பதிலுக்குக் காத்திராமல் கேமராவைப் பறித்துக்கொண்டுபோய்ச் சாமான் அறையில் அம்மாவிடம் கொடுத்தார். காலையில் செல்வியின் தலைக்குப் புகை காட்டிய தூபக்கால் அங்கேதான் கனன்றுகொண்டிருந்தது.

நான் எட்டிப் பார்த்தபோது, அம்மா கேமராவைக் குழந்தையைப்போல் இரு கையிலும் ஏந்தி, புகையில் இப்படியும் அப்படியும் காட்டிக்கொண்டிருந்தாள். சூடு பட்டதில் லென்ஸின் ஓரம் மெல்லத் தெளியவும் ஆரம்பித்திருந்தது. பெரியத்தையின் வைத்தியத்தைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" பெரியத்தைக்குப் பதற்றத்தில் தலைகால் புரியவில்லை. "தனம்! கேமராவ எடுத்துகினு ஓடியா! அய்யோ, ஓடியாடி!" என்று அம்மாவைப் பெயர் சொல்லி மண்டபமே அதிரக் கத்தினார். அம்மா ஓடி வந்தாள். கூட்டமும் "கேமராவுக்கு வழி வுடுங்க" என்று விலகியது. புகை மணக்க, கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி மணமேடைக்கு நேர் எதிரில் வந்து நின்றாள்.

நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டுமென்ற நினைப்பே அவளுக்கு இல்லை. செல்வியின் கழுத்தில் விழும் முடிச்சைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "புடிடி, புடி!" என்று பெரியத்தை பின்னால் அலறுகிறார். கேமராவை வெடுக்கென்று இழுத்திருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். எங்கேயோ அழுந்திய அவள் விரலில் 'க்ளிக்' என்று சத்தம் வந்தது. பெரியத்தை வீசிய அட்சதையில் பாதி அம்மாவின் தலையில் விழுந்தது. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எல்லோருக்கும் உறைத்தபோது மூன்று முடிச்சும் விழுந்திருந்தது.

அம்மா எடுத்த அந்தப் படத்தைக் கழுவிப் பார்த்தால் முழுக்க வெள்ளை. நடுவில் கூரைப்புடவையின் சிவப்பு மட்டும் லேசாகக் கரைந்து தெரிந்தது. மன்னிப்புக் கேட்பதுபோல் அவளிடம் நீட்டினேன். "எனக்கு எதுக்குடி போட்டோ? நான்தான் நேர்லயே பாத்துட்டேனே" என்றாள். ஆனாலும் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டாள். நானும் ஒரு பிரதி போட்டு வாங்கிவந்து இங்கே மாட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் மார்கரெட் அம்மாள் அதன்முன் நின்று வெகுநேரம் பார்த்தார். "உங்கள் ஊர் வெயில் இவ்வளவு கடுமையா? ஒன்றுமே தெரியவில்லையே" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். கீழ்பென்னாத்தூர் வீட்டுக்கு வருகிறவர்கள், "இது கனடா பனிங்களா?" என்று கேட்கிறார்களாம். அம்மாவும் ஆமாம் என்கிறாளாம். "அங்கதான் எம் பொண்ணு இருக்கறா" என்று அந்த வெள்ளைக்குள் விரலை வைத்துக் காட்டுகிறாளாம்.