ஐந்து லீற்றர் நல்ல தண்ணி

எங்கள் தீவில் மலை இல்லை. கரம்பொனில் இருந்து எந்தப் பக்கம் சைக்கிள் மிதித்தாலும் மூச்சு வாங்காது. வாங்கினால் அது எதிர்க்காற்றுக்குத்தான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த நான், சித்திரை விடுமுறையில் நான் படிப்பிக்கிற பாடசாலையின் ஆசிரியர்களோடு சிவனொளிபாத மலை ஏறப் போனேன். முதுகில் பை, கையில் ஐந்து லீற்றர் தண்ணீர்க் கான்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது பழக்கம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் தூரத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றில் இருந்து வரவேண்டும், இல்லையென்றால் பவுசர் லொறியில் வரவேண்டும். அதனால் யாழ்ப்பாணத்துக்குப் பல்லுப் பிடுங்கப் போனாலும் தண்ணீர் நிறைத்துக்கொண்டுதான் வெளிக்கிடுவோம்.

அந்தக் கான் நான் விரும்பியிருந்தவருடையது. நாரந்தனையைச் சேர்ந்தவர், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. அப்பா இல்லாத வீட்டில் நானும் அம்மாவும் தண்ணீருக்கு அலைவதைப் பார்த்தவர், பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் கான் கட்டிக்கொண்டு வந்து இறக்கத் தொடங்கினார். மூன்று வருடம் ஒரு நாள் தவறவில்லை. காதலன் பூக் கொடுத்த கதையை மற்றப் பெண்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். பூவைக் குடிக்க முடியுமா? ஊருக்கே விஷயம் தெரியும். அம்மா மட்டும் ஒன்றும் தெரியாதவர் போல அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்.

படிக்கிற காலத்தில் அவர் ஒரு தடவை சிவனொளிபாத மலை ஏறியிருக்கிறார். "உச்சியில ஒரு மணி கிடக்கு. எத்தினை தரம் ஏறினமோ அத்தினை தரம் அடிக்கவேணும். நாங்கள் ரண்டு பேரும் போகேக்க நான் ரண்டு தரம் அடிப்பன், நீர் ஒருதரம்" என்பார்.

பிறகு அவருடைய அக்கா கூப்பிட்டு பிரான்சுக்குப் போனார். போய் ஒன்றரை வருடத்தில் ஒரு பின்னேரம் போன் வந்தது.

"இஞ்ச ஒரு இடத்தில கலியாணம் முற்றாகிட்டுது. அக்காவின்ர கரைச்சல். என்னைப் பாத்துக்கொண்டு இருக்காதையும்."

நான் "ஓம்" என்றேன். போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய் அரிசி களைந்தேன்.

அன்றில் இருந்து எட்டு மாதம் எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன். நல்ல தண்ணீரை அதே கானில் நானே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். ஒருநாள் பனங்கருக்கு மட்டை காலைக் கீறி இரத்தம் வழிந்ததை வீட்டுக்கு வந்து அம்மா காட்டித்தான் பார்த்தேன். அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. "ஒருக்கா அழு பிள்ளை. அழுதாத்தான் உனக்கும் விடியும்" என்று கெஞ்சினார். அழ எனக்கும் விருப்பம்தான். முயன்றும் பார்த்தேன். வரவில்லை. மலைக்குப் போகச் சொல்லி என்னை அனுப்பியதும் அம்மாதான்.

மலையடிவாரத்து ஊருக்குப் பெயரே நல்லதண்ணி. பஸ்ஸால் இறங்கியதும் எங்கள் சங்கீத ரீச்சர் என் கையைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். வயதில் மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"உதென்ன பிள்ளை, கொல்லன் தெருவில ஊசி விக்க வந்தனீரோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயை அகட்டினேன். அவர் முதலே சொல்லி வைத்திருந்தார்: ஏறும்போது இன்னும் எவ்வளவு தூரம் என்று யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் தூரம் கூடும். எனக்கு அது சிரமமாக இல்லை. எதையும் கேட்கிற நிலையில் நான் இருக்கவில்லை.

வழக்கமாக இரவில் ஏறுவார்கள். எங்கள் கூட்டத்தில் முழங்கால் வருத்தக்காரர் அதிகம் என்பதால் விடிந்த பிறகு ஏறினோம். தேயிலைத் தோட்டம் முடிந்ததும் ஓர் ஓடை குறுக்கிட்டது. அவ்வளவு தண்ணீர் ஒரு காவலும் இல்லாமல் ஓடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. யாரும் வரிசையில் நிற்கவில்லை. சிலர் அதில் காலைக் கழுவிக்கொண்டு இருந்தார்கள். குடிக்கிற தண்ணீரில் கால்!

"உதை ஊத்திப்போட்டு வாரும்" என்றார் அக்கா.

"ஏலாது அக்கா. நல்ல தண்ணியை நிலத்தில ஊத்துறதே?"

அவர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடந்தார். அவரும் எங்கள் தீவில், வேலணையில் பிறந்தவர்தான்.

அதற்கு மேல் முழுக்கப் படிகள். கானைக் கை மாற்றி மாற்றித் தூக்கினேன். விரல்களில் கைபிடி பதிந்து சிவந்தது. படியோரத்துப் பாறையில் இருந்தும் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. ஒரு திருப்பத்தில் கானை இறக்கி வைத்துவிட்டுப் படியிலேயே இருந்துவிட்டேன். பாறைத் தண்ணீரை ஒரு கை ஏந்திக் குடித்தேன். பிறகு, இதையும் குடிப்போம் என்று கானைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன்.

சவர்த்தது.

அவர் கொண்டுவந்த மூன்று வருடமும் நாங்கள் நல்ல தண்ணி, நல்ல தண்ணி என்று கொண்டாடியது இதைத்தான். எனக்குக் கோபம் வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அது. அவரில் கோபம், அவருடைய அக்காவில் கோபம், "ஓம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போன என்னில்தான் கூடக் கோபம். எழும்பி நின்று கானைக் கவிழ்த்தேன். தண்ணீர் குடுகுடுவென்று படியில் விழுந்து இரண்டு படி ஓடி, ஏற்கெனவே ஈரமாய்க் கிடந்த இடத்தோடு கலந்து போனது. பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒப்பாரி வீட்டில் அழுவது போல அழுதேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் விலகிப் போனார்கள்.

அக்கா மூச்சு வாங்க ஏறி வந்தார். "என்ன பிள்ளை, கால் நோகுதோ?"

"தண்ணியை ஊத்திப்போட்டன் அக்கா."

அவர் வெறுங் கானைப் பார்த்தார். அது யாருடையது என்று அவருக்கும் தெரியும். பக்கத்துப் படியில் குந்தி, தன் சேலைத் தலைப்பை என்னிடம் நீட்டினார். அழுது முடிந்ததும் கால் நோவது தெரிந்தது. விரல் நொந்தது, பசித்தது. அவர் தந்த பிஸ்கட் பக்கற்றை முழுவதும் நானே சாப்பிட்டேன்.

உச்சியில் மணியை ஒருதரம் அடித்தேன். அது என் கணக்கு. பிறகு காற்றுப் படாத ஒரு படியில் இருந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஏறிட்டியோ? தண்ணி போதுமோ?" என்று கேட்டார்.

"அம்மா, நான் அழுதிட்டன்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் அம்மா அழத் தொடங்கினார். எட்டு மாதமாக அவரும் அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். குளிரில் கை விறைத்தது. அவர் அழுது முடியும் மட்டும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.