இரும்பு கிடைக்காத கிருமி

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆவடிக்கு டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கழுத்துக்குக் கீழே போட்டிருந்த குழாய் வழியாகத்தான் ரத்தம் போய்வரும். ரத்தசோகைக்கு இரும்பு ஊசியையும் அப்போதே ஏற்றுவார்கள். திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரும்பு ஏற்றிய வாரம் மட்டும் நடுவில் உட்காராமல் ஏறிவிடுவார்.

மழைக்காலம் முடிகிற சமயம். டயாலிசிஸ் நடக்கும்போதே அவருக்குக் குளிர் தூக்கிப்போட்டது. குழாயில் சூடோமோனாஸ் என்ற கிருமி. டாக்டர் எங்களைவிடச் சின்னப் பெண். ஆன்டிபயாடிக் எழுதிவிட்டு, "இது அடங்கற வரைக்கும் இரும்பு ஊசி வேண்டாம்மா. கிருமிக்கும் அதுதான் சாப்பாடு" என்றார்.

அது எனக்குத் தெரியும். நுண்ணுயிரியல் படித்தபோது என் புராஜெக்டே இந்தக் கிருமிதான். இரும்பு கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அதன் உள்ளே ஒரு புரதம் சில மரபணுக்களின் மேல் உட்கார்ந்து, வேலை செய்யவிடாமல் அடக்கி வைத்திருக்கும். இரும்பு தீர்ந்தால் அந்தப் புரதம் விலகிவிடும். உடனே கிருமி இரும்பைத் திருட ஒரு பொருளைச் சுரக்கும். கூடவே நம் செல்களைக் கொல்லும் நச்சையும். அந்தப் பொருளால், கிருமியை வளர்க்கும் குடுவை இளம்பச்சையாக மின்னும். அன்று தோழிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

வீடு திரும்பும்போது அவர் இரண்டாவது மாடியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சுதான்.

"ஊசி போட்டா கிருமி வளருது, சரி. போடலன்னா செத்துடுமா?"

"சாகாதுங்க. பட்டினி போட்டா இன்னும் மூர்க்கமாத் திருடும்."

"அப்ப இன்னாதாம்மா பண்றது?"

"மருந்துதான் கைகொடுக்கணும்."

"எங்கம்மா சாமியச் சொல்ற மாதிரியே சொல்ற நீ."

மருந்து கைகொடுக்கவில்லை. குழாயை மாற்றினார்கள், புதியதிலும் கிருமி வந்தது. பிறகு இதய வால்வில் போய் உட்கார்ந்தது. ரத்தம் ஏற்றியும் உதடு வெளுத்துக்கொண்டே போனது.

"இனிமே இரும்பு போட்டாத்தான் என்ன மேடம்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

அவர் ஃபைலை மூடிவிட்டு, "யாரெல்லாம் பாக்கணுமோ வரச்சொல்லிடுங்கம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் என் கணவர் கண்ணைத் திறந்து, "இன்னாம்மா, ஒன்னோட கிருமி கெலிச்சிடுச்சா?" என்றார்.

"இல்லங்க."

"பொய் சொல்லத் தெரிலமா ஒனக்கு."

மறுநாள் மத்தியானம் போய்விட்டார். பட்டாபிராமிலிருந்து அவருடைய தம்பி வந்து சேர நேரமாயிற்று. அதுவரை நான் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இரும்பு போடுவதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.