பைகளுக்குச் சீட் கிடையாது

மழையில் ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அவர் மனைவி. என் ட்ராமில் சில சீட்டுகளில் ஆள் இல்லை, பைதான் இருக்கிறது. அந்தப் பைகளெல்லாம் எங்கள் ஆட்களுடையவை. பிள்ளைகளே, ட்ராம் ஓட்டிய முதல் கோடையில் எனக்கு வந்த பெரிய சோதனை இதுதான்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். ட்ராம் என்று பெயரே தவிர, தண்டவாளம் கிடையாது. பஸ் எஞ்சின் மேல் மரச் சீட்டும் மணியும் வைத்த உடம்பு. காலையில் லொங்குய்ய் மெட்ரோ ரயில் நிலைய வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், வைன் செய்கிற திராட்சைத் தோட்டங்களை நாள் முழுக்கச் சுற்றி வருவோம். விரும்பிய தோட்டத்தில் இறங்கலாம், ருசி பார்க்கலாம், பின்னால் வருகிற ட்ராமில் ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். டிக்கெட் நாள் முழுக்கச் செல்லும். சீட் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை.

அப்போது சனி, ஞாயிறு மட்டும்தான் ஓட்டினேன். மற்ற நாட்களில் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். நீங்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் நான் வேலைக்கு வெளிக்கிட்டுவிடுவேன். எங்கள் சூப்பர்வைசர் சில்வி, என்னையும் மார்க் என்ற மற்ற டிரைவரையும் பார்த்து, ஒருவரை நிரந்தரமாக எடுக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். "ஸ்டொப்பில் ஆளை விட்டுவிட்டு வந்ததாக ஒரு முறைப்பாடு வந்தால் போதும், எனக்கு முடிவெடுக்க லேசு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஞாயிறு வில்லரே பக்கத்திலிருந்து மூன்று தமிழ்க் குடும்பம் வந்தது. முதல் தோட்டத்தில் ஆண்கள் துள்ளி இறங்கினார்கள். பெண்கள் அசையவில்லை. ஆண்கள் இருந்த சீட்டுகளில் பையையும் சாப்பாட்டுப் பார்சலையும் வைத்தார்கள்.

"அக்கா, இறங்கினவை அடுத்த ட்ராமிலைதான் வருவினம். சீட் பிடிச்சு வைக்கேலாது" என்றேன்.

அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் புவனேஸ் அக்கா. "சுத்தித் திரும்ப இஞ்சைதானே தம்பி வருவியள்? அப்ப ஏத்துவம். நீங்கள் தமிழ்ப் பிள்ளைதானே, ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோவன்" என்றார்.

தமிழ்ப் பிள்ளை பேசாமல் வண்டியை எடுத்தான். இரண்டாவது தோட்டத்தில்தான் அந்த முதியவரும் மனைவியும் மழையில் நின்றார்கள்.

ஹாண்ட் பிரேக்கை இழுத்து எஞ்சினை நிறுத்தினேன். "அக்கா, மழைக்கை வயசான ஆக்கள் நிக்கினம்."

"பாவம்தான். ஆனா எங்கடை மனுசன் பேந்து எங்கை இருக்கிறது? அவருக்கு நாரிப் பிடிப்பு, நிண்டு வரேலாது."

எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளாமல், "நீங்கள் ஏனக்கா இறங்கேல்லை?" என்று கேட்டேன்.

"குடிக்கிற இடம் தம்பி" என்றார் புவனேஸ் அக்கா, குரலைத் தாழ்த்தி. "ஆராவது படமெடுத்து வட்ஸ்அப்பிலை போட்டா, பேந்து என்ன முகத்தோடை கோயிலுக்குப் போறது?"

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"இவையளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேணுமே!" என்று பின் சீட்டிலிருந்து ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"குடிக்கிறது உள்ளுக்கை அக்கா. வெளியிலை வெறும் தோட்டம். தோட்டம் பாத்ததுக்கு ஆர் என்ன சொல்லுறது? ஊரிலை பந்தலிலை காய்க்கிற திராட்சை இஞ்சை பந்தலில்லாமல் காய்ச்சுக் கிடக்கு, பாருங்கோ."

"பந்தலில்லாமலோ? சும்மா கதை விடாதேங்கோ!"

புவனேஸ் அக்கா ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "என்னடி இது, மிளகாய்க் கண்டு மாதிரிக் கட்டையாய் நிக்குது!" என்று குடையை விரித்து இறங்கினார். மற்றவர்களும் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். அந்த முதியவர் படியேறி முடியும்வரை புவனேஸ் அக்காவே அவர் தலைக்கு மேல் குடை பிடித்தார். "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னார் அவர். "பொன்ஜூர், பொன்ஜூர்" என்று பதிலுக்கு வணக்கம் சொன்னார் அக்கா.

நான் மறுபடி சுற்றி வந்தபோது மழை விட்டிருந்தது. மார்க்கின் ட்ராமில் வந்து சேர்ந்த கணவன்மார், தோளெல்லாம் பெண்கள் மாட்டிவிட்ட பையோடு ஸ்டொப்பில் நின்றார்கள். "தம்பி, இவையளை ஒருக்காக் கூப்பிடுங்கோவன்" என்று ஒருவர் கெஞ்சினார். கொடி வரிசைக்குள்ளிருந்து, "பொறுங்கோ, வாறம்!" என்று குரல் மட்டும் வந்தது.

பின்னேரம் சில்வி கூப்பிட்டார். "ஏன் பிந்தினாய்?" நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"விதி உன் பக்கம்தானே. சத்தம் போட்டு இறக்கியிருக்கலாமே?"

"சத்தம் போட்டிருந்தால் பை மட்டும்தான் இறங்கியிருக்கும், பெண்கள் இறங்கியிருக்க மாட்டார்கள்" என்றேன்.

அடுத்த கிழமை அந்த நிரந்தர வேலையை அவர் எனக்குத் தந்தார்.

நீங்களும் நாளைக்கு எங்கேயாவது வேலைக்குப் போவீர்கள். ஒருவர் இடத்தை விட மறுத்தால், இறங்குவதற்கு என்ன பயம் என்று முதலில் கேளுங்கள். விதியைப் பிறகு சொல்லலாம்.

தொழிற்சாலையை விட்டுவிட்டேன்; புது வேலையில் முதல் நாள், பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளை வைத்துக்கொண்டிருந்தா. சின்னவளே, நீ என்னைக் கண்டதும் பயந்துபோய், "அப்பா, உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டாய்.

"இல்லையம்மா, பசிக்குது" என்று சொல்லி உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.