மாலை போட்டவன் வீடு

கண்மாய் வற்றிய பிறகு அதன் நடுவில் பந்தல் போட்டுக் கால்நடைக் கண்காட்சி நடத்துவார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக் காளைகள் எல்லாம் கொம்பு சீவி, சலங்கை கட்டி வந்து நிற்கும். எண்பதுகளில் எங்கள் ஊருக்கு அதைவிடப் பெரிய திருவிழா கிடையாது. எனக்கு அது அடி விழும் நாள்.

அந்தக் கண்காட்சியில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் பரிசு வாங்கிய காளைக்கு, இரண்டாம் பரிசு வாங்கியவன்தான் எல்லோரும் பார்க்க மாலை போட வேண்டும். என் மாமனார் காலத்தில் பரிசுத் தகராறில் இரண்டு ஊர்க்காரர்கள் நுகத்தடியால் அடித்துக்கொண்டதில், ஒருவன் மண்டை பிளந்து அங்கேயே செத்துப்போனானாம். அதற்குப் பிறகு பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, பகை களத்தோடு முடியட்டும் என்று இந்த மாலையைக் கொண்டுவந்தார்களாம். என்ன ஒரு அறிவு! களத்தில் முடிந்தது வாஸ்தவம்தான். மாலை போட்டவன் மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மூன்றாவது வந்தவனுக்கு இந்தக் கேடெல்லாம் கிடையாது. ஒரு துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

நான் பிறந்தது சோழபுரம். அங்கே என் அண்ணன் காளை வளர்த்தான். வாழ்க்கைப்பட்ட ஊரில் என் வீட்டுக்காரரும் காளை வளர்த்தார். கல்யாணமான புதிதில் வருடா வருடம் அண்ணன் காளைதான் முதல், இவருடையது இரண்டாவது. மாலை போட்டுவிட்டுச் சிரித்த முகமாகத்தான் களத்தை விட்டு வருவார். வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் சாட்டைக் கம்பை எடுப்பார்.

"ஏட்டி, இந்தக் கையாலதான ஒங்க அண்ணன் மாட்டுக்கு மாலை போட்டேன்?" என்று கேட்டுக் கேட்டு அடிப்பார்.

முதல் தடவை என் கண்ணாடி வளையல்கள் உடைந்து மணிக்கட்டைக் கிழித்துவிட்டன. அதிலிருந்து, ஒலிபெருக்கியில் இரண்டாம் பரிசு என்று அவர் பெயரைச் சொன்னதுமே வளையல்களைக் கழற்றி மடியில் முடிந்துகொள்வேன். பிறந்த வீட்டுக் காளை தோற்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒரு வருடம் தோற்றது. இவர் காளை முதல், அண்ணன் இரண்டாவது. அண்ணன் மாலையோடு கிட்டே போனான். காளை தலையை உதறியதில் கொம்பு அவன் கன்னத்தைக் கிழித்தது. கூட்டம் விசிலடித்தது.

"மச்சான், என் மாட்டுக்கே ஒங்களப் பிடிக்கல போலயே!" என்றார் இவர்.

அவ்வளவுதான். அண்ணன் ஆணி வைத்த தார்க்கம்பை ஓங்கிக் காளையின் கண்ணிலேயே குத்தினான். காளை அலறிக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அங்கே கயிற்றுக் கடை போட்டிருந்த பாய் ஒருவரின் பந்தலைச் சாய்த்தது. இவர் நுகத்தடியைத் தூக்கி அண்ணன் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு ஊரும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. கல், கம்பு, மாட்டுச் சலங்கை என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தார்கள். அண்ணன் வாயில் ரத்தத்தோடு புழுதியில் கிடந்தான். அவனைப் பார்த்து நான் அழுதேன். அழும்போதே, இன்றைக்கு எனக்கு அடியில்லை என்ற நிம்மதியும் இருந்தது. இரண்டும் உண்மைதான்.

சில நாள் கழித்து அண்ணனைப் பார்க்கப் போனேன். தோளில் கட்டோடு கட்டிலில் கிடந்தவன் எனக்கு முகம் கொடுக்கவில்லை. அடுப்படியில் அவன் மனைவி, என் மதினி, இருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"ஒரு கைதான ஒடிஞ்சது. இன்னொரு கை நல்லாத்தான இருக்கு" என்றாள்.

"வளையலக் கழத்தியிருக்கலாமே மதினி."

"எனக்கு எப்படித் தெரியும்? அவிய இதுவரைக்கும் தோத்ததே இல்லையே."

நான் நேர்ந்துகொண்டது இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டேன். அவள் அண்ணன் கிடந்த பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பிறகு மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "மூணாவது வந்தவன் பொண்டாட்டிய எவனும் அடிக்கலயேட்டி."

காளையைத் தட்டிக்கொடுத்துப் பெயர் வாங்குகிறவர்கள் ஆண்கள். பருத்திக்கொட்டையை ஆட்டுரலில் ஆட்டிப் பாலெடுத்துக் காளைக்கு வைக்கிறவர்கள் நாங்கள். அதன்பிறகு இரண்டு வீட்டிலும் பருத்திக்கொட்டை குறைந்தது, தவிட்டுத் தண்ணீர் கூடியது. கண் போன காளையை விற்றுவிட்டு இவர் வாங்கிய புதுக் காளைக்கு விலா எலும்பு தெரிந்தது. எவன் கண் பட்டதோ என்று மிளகாய் சுற்றிப் போட்டார். நான்தான் மிளகாய் எடுத்துக் கொடுத்தேன்.

மறு வருடக் கண்காட்சி போலீஸ் காவலோடு நடந்தது. அப்போதும் அந்த மாலையை மட்டும் யாரும் விடவில்லை. முதல் பரிசு ராஜபாளையத்துக் காளைக்கு. இரண்டாவது ஆலங்குளத்துக்காரர் ஒருவருக்கு. மூன்றாவது அண்ணன். இவருக்கு ஒன்றுமே இல்லை. மாடு பிடித்துக்கொடுத்த தரகனைத் திட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். மதினியும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டே சிரித்தோம்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். களத்தில் ஆலங்குளத்துக்காரர் மாலையைக் கையில் வாங்கினார். அவள் பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.