புரட்டாசிச் சனியில் ஒரு வாய் ஷாம்பெயின்

அமெரிக்காவின் சுகர் லேண்ட் ஊரில், பத்ரியின் ஒயின் கடையில், சனிக்கிழமைதோறும் நான்கு மணி நேரம் நின்றபடியே சாந்தாமணி ஒரே கதையைச் சொல்வாள். பிரான்சில் ஷாம்பெயின் செய்யும் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி சண்டையில் நிலவறைக்கு நடுவே சுவர் எழுந்தது. அண்ணன் பக்கத்து ஒயின் பல் கூசும் புளிப்பு, தம்பி பக்கத்தது வெறும் சப்பை. இருவரும் போன பிறகு மூத்தவரின் மருமகள் சுவரை இடித்து, இரண்டையும் கலந்தாள். நூறு வருடமாக அந்தக் கலவைதான். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, ஊற்றிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, பெரும்பாலும் பீர் வாங்கிப் போவார்கள்.

திருப்பூர்க்காரி. நாற்பத்தாறு வயது, முழங்கால் வலி. கணவர் வெங்கடாசலத்துக்கு எண்ணெய்க் கம்பெனி வேலை மார்ச்சில் போய்விட்டது. அவருடைய சர்க்கரை மருந்துக்கு இன்சூரன்ஸ் வேண்டும். இவளுக்கு முழுநேர வேலை கிடைத்தால் அது வரும். அவருக்கும் வேலை அமைய வேண்டுமென்று, புரட்டாசி முழுதும் கவிச்சியும் மதுவும் தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை, அந்த ஷாம்பெயின் குடும்பத்துப் பெண், ஓடில் என்பவள், கடைக்கு வந்தாள். அவளுக்குப் பிடித்தமாதிரி சுவை சொல்பவருக்குத்தான் ஷாம்பெயின் பகுதியின் முழுநேரப் பொறுப்பு என்று பத்ரி முன்பே சொல்லியிருந்தான்.

"இந்த மாசம் மட்டும் வேண்டாமே பத்ரி. மோந்து பாத்தே சொல்லிடறேன்."

"அடுத்த மாசம் அவங்க பாரிஸ்ல இருப்பாங்க அக்கா. குடிக்கவா சொன்னேன்? டேஸ்ட் பண்ணிட்டு துப்புங்க. பக்கெட் எதுக்கு வெச்சிருக்கோம்? எக்ஸ்பர்ட் எல்லாம் துப்பறவங்கதான்."

சாந்தாமணி ஒரு வாய் எடுத்தாள். நாக்கில் சுழற்றித் துப்பினாள். பாட்டிலோடு வந்த சுவைக்குறிப்பு அட்டையில் அச்சடித்திருந்த பன்னும் பாதாமும் நினைவுக்கு வரவில்லை. முதலில் பச்சை மாங்காய்த் தோல், பிறகு பொங்கிய இட்லி மாவு, கடைசியில் வெள்ளையடித்த சுவரை நக்கினாற்போல் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த வாரம் ஏழாவது ஊராக வந்து, மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிப் போட்டிருந்த ஓடில் நிமிர்ந்தாள். எங்கள் நிலவறை முழுக்கச் சுண்ணாம்புப் பாறைதான், சின்ன வயதில் நானும் நக்கியிருக்கிறேன் என்றாள். பத்ரி கட்டைவிரலை உயர்த்தினான்.

சாயங்காலம் வெங்கடாசலம் சோற்றை எடுத்து வைத்துக் காத்திருந்தார்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது. ஒண்ணாந்தேதியிலிருந்து இன்சூரன்ஸ்."

"அப்ப குடிச்சியா?"

"துப்பிட்டேனுங்க. உள்ள போகலை."

"நல்லா இருக்குது. பெருமாளும் எனக்கு வேலையக் கண்ணுல காட்டிட்டுத் திருப்பி எடுத்துக்குவாரு போ." சிரித்துவிட்டு அவரே சமாதானம் சொன்னார். "சரி உடு. இன்னும் ரெண்டு சனி இருக்குது. அதுல சுத்தமா இருந்துக்கலாம்."

"ரெண்டு சனியும் எனக்குத்தான் ஷிப்ட். இனி ஒவ்வொரு பாட்டிலையும் ருசி பாத்துட்டுத்தான் கதை சொல்லணுமாம்."

அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். சாந்தாமணி நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள். மூன்று வாய் சாப்பிட்ட பிறகும் நாக்கில் சுண்ணாம்பு போகவில்லை.

"மோர் ஊத்துங்க" என்றாள்.