பாலசமுத்திரத்து அபூர்வக் கிருமி

நாகஜோதியைப் பாலசமுத்திரத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. "பீ டப்பாக்காரி வர்றா" என்றுதான் பேச்சு. பேதியாகும் கைக்குழந்தைகளின் மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துத் திண்டுக்கல் ஆராய்ச்சி ஆபீசுக்கு அனுப்புவது அவள் வேலை. ரோட்டா என்கிற ஒரே கிருமிக்குள் ஏகப்பட்ட ரகம் உண்டாம். எந்த ஊரில் எந்த ரகம் சுற்றுகிறது என்று அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஊர் மூக்கைப் பொத்தினால் பொத்தட்டும், இவள் மட்டும் என்ன லேசுப்பட்டவளா? மனசுக்குள் ஊரையே கால் தூசுக்கு மதிக்கமாட்டாள்.

அதிலும் தங்கமுத்து வீடென்றால் வயிறு எரியும். தென்னந்தோப்பு, கார், வாசலில் கேமரா, எல்லாம் உண்டு. வந்தவளை உட்காரச் சொல்ல வாய்தான் கிடையாது. அவர் பையனுக்குப் பேதி என்று போன அன்றும் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். குழந்தையின் துணியைக் கண்ணால் பார்த்து, தானே வழித்தெடுக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். மீறினால் வேலை போய்விடும். 'போங்க, நீங்களும் உங்க பவுசும்' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே டப்பாவைத் தங்கமுத்துவின் மனைவி தமிழ்மதியிடம் நீட்டினாள். நிரம்பி வந்ததும், நேரில் பார்த்ததாகக் கையெழுத்தையும் போட்டுவிட்டாள்.

சில வாரம் போனதும் ஆபீஸ் டாக்டர் அக்மல் காரிலேயே வந்து இறங்கினார். வழக்கமாக மாட்டில் காணும் ரகம் அந்தப் பையனிடம் இருந்ததாம், மனுஷருக்கு அது தொற்றுவதே அபூர்வமாம். தங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த ஜில்லாவுலயே எம் பையனுக்கு மட்டும்தானுங்க!" என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அளந்தார். பிள்ளை பேதியில் துவண்டு கிடந்ததெல்லாம் மறந்துபோய், என்னவோ கலெக்டர் பரீட்சையில் பாஸான மாதிரி. அன்றுதான் நாகஜோதிக்கும் அந்த வீட்டில் ஒரு நாற்காலி கிடைத்தது.

பையனுக்கு ரத்தம் எடுக்க டாக்டர் ஊசியைப் பிரித்தபோது தங்கமுத்து பெருமையாகச் சொன்னார்: "அன்னைக்கு எங்க கன்னுக்குட்டிக்கும் கழிச்சலுங்க. அதுகிட்ட இருந்துதான் ஒட்டியிருக்கும்."

டாக்டரின் கை நின்றது. நாகஜோதியைப் பார்த்தார்.

"நீங்க கண்ணால பாத்துத்தானே எடுத்தீங்க?"

அவளுக்கு டப்பாவில் என்ன வந்தது என்று அந்தக் கணமே புரிந்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"பாத்துத்தானுங்க எடுத்தாங்க" என்றாள் சமையலறை வாசலில் நின்ற தமிழ்மதி. "நடுவுல தண்ணி கேட்டாங்க. டப்பாவ வச்சுட்டு அவங்க குடிக்கற நேரத்துல நாந்தான் அதக் கொட்டிட்டுக் கன்னோடத வழிச்சுப் போட்டுட்டேன். பிள்ளையோடது வெளிய போனா செய்வினை வச்சுருவாங்கன்னு பயமுங்க."

இத்தனைக்கும் தமிழ்மதி காலேஜ் படித்தவள். தங்கமுத்துவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. டாக்டர் ஊசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

நாகஜோதி வண்டியை எடுக்கும்போது தமிழ்மதி வாசல்வரை வந்தாள்.

"ஏனுங்க எனக்காகப் பொய் சொன்னீங்க? நான் தண்ணியே கேக்கலியே."

"கேக்கலதானுங்க" என்றாள் தமிழ்மதி. "கேட்டிருந்தாலும் அன்னைக்குக் குடுத்திருக்க மாட்டேன்."