இது பனியன் கம்பெனிதானுங்க

மெஷின் ஆயிலும் புது பனியன் துணியும் கலந்த வாசனை... அதற்குள்ளிருந்து ஒரு டிரம் சத்தமும் நாற்பது பேர் பாட்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அது பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். வேலம்பாளையம் தாண்டி ஓர் ஊர். அங்கே பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். என் முதல் வேலை.

பாட்டு வந்த இடம் ஒரு பனியன் கம்பெனி. அதாவது, எங்கள் ரிக்கார்டுப்படி.

தேவசகாயம் அண்ணன் ஆறு நாள் பனியன் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர், ஏழாம் நாள் பாஸ்டர். லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஜெபம் நடத்திக்கொண்டிருந்தவர், தன் இடத்தில் ஒரு ஷெட் போட மனு கொண்டுவந்தார். ஜெபக்கூடம் என்றால் கலெக்டர் அனுமதி, போலீஸ் அறிக்கை, அக்கம்பக்கத்தார் சம்மதம் எல்லாம் வேண்டும். பனியன் கம்பெனி என்றால் நான் ஒருவன் போதும்.

"ஏனுங்க, கம்பெனின்னே எழுதிக் குடுத்துருங்க. ஒரு மெஷின வாங்கிப் போட்டுக்குங்க. இந்த ஊர்ல அத மட்டும் யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க" என்றேன்.

யோசனை என்னுடையது. அன்று அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்று வந்தது. ஞாயிறன்று அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, வேதப் புத்தகத்தை வைத்து, அதன் பின்னால் நின்றுதான் பிரசங்கம் செய்வார். மற்ற நாட்களில் ஷெட் பூட்டியிருக்கும். ஆர்டர் இல்லாத கம்பெனிகள் ஊரில் நிறைய இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தேர்தல் வந்தது. இரண்டு கட்சி வேட்பாளர்களும் ஒரே வாரத்தில் அந்தக் கம்பெனிக்கு வந்தார்கள். சால்வை வாங்கிக்கொண்டு கண்மூடி நின்றார்கள். ஒருவர் நடுவில் ஒரு கண்ணை மட்டும் திறந்து தலைகளை எண்ணியதை நானே பார்த்தேன். மதச் சுதந்திரம் அந்த ஒரு வாரம் அமோகமாக இருந்தது.

பிள்ளையார் ஊர்வலத்துக்காக ஊரில் ஒரு குழு சேர்ந்திருந்தது. ஊர்வலம் முடிந்தும் குழு கலையவில்லை. அதன் தலைவர் ஒரு நிட்டிங் முதலாளி. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். ஆபீஸுக்கு வந்து, புகார் மனுவை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

"அவிய சாமிய நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. அவுங்கவுங்க ஊட்டுக்குள்ள கும்புட்டுக்கட்டுமுங்க. நாப்பது பேரு ஒண்ணாச் சேந்து கும்புட்டா அது ஓட்டாயிருதுங்களே..."

அவர் பின்னால் நானூறு ஓட்டாவது இருக்கும். அதை நான் சொல்லவில்லை. தேவசகாயம் அண்ணன் இரண்டு வேட்பாளர்களிடமும் போனார். இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: எலக்ஷன் முடியட்டும்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குத் தாலுகாவிலிருந்து ஆபீசர் வந்தார். ஃபைலோடு நானும் போனேன். பாட்டு பாதியில் நின்றது.

"இது கம்பெனியா, சர்ச்சா? ஒண்ணச் சொல்லுங்க" என்றார் ஆபீசர்.

சர்ச் என்றால் அனுமதியில்லாத கூட்டம். கட்டடத்துக்குச் சீல், உள்ளே இருக்கும் நாற்பது பேர் மேலும் கேஸ். எல்லோரும் கம்பெனித் தொழிலாளர்கள். கேஸ் என்று பெயர் அடிபட்டால் திங்கட்கிழமை வேலை இருக்காது. கம்பெனி என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. இனி அங்கே ஜெபம் கூடாது, அவ்வளவுதான்.

அண்ணன் நாற்பது பேரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு சொன்னார்: "கம்பெனிதானுங்க."

"கம்பெனின்னா மெஷின் ஓடணுமில்ல?"

வேதப் புத்தகத்தை எடுத்து, "புடிச்சுக்குங்க சார்" என்று என் கையில் கொடுத்தார். வெள்ளைத் துணியை உருவினார். ஸ்டூலில் உட்கார்ந்து, வேறு துணி இல்லாததால் அந்தத் துணியின் ஓரத்தையே அடிக்க ஆரம்பித்தார். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்கு பக்கமும் அடித்து முடிக்கும் வரை ஆபீசர் பொறுமையாக இருந்தார்.

'இக்கட்டடம் வழிபாட்டுத் தலம் அன்று. இங்கு வழிபாடு நடைபெற்றதில்லை. இனியும் நடைபெறாது.' வாக்குமூலத்தை எழுதியவன் நான். என் கையெழுத்து நன்றாக இருப்பதாக ஆபீசர் பாராட்டினார்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். வெளியே வரும்போது சபைப் பெரியவர் ஒருவர், "ஏனுங்க பாஸ்டர், தையல் சுத்தமா விழுந்துச்சுங்க" என்றார். கேஸிலிருந்து தப்பிய நாற்பது பேரில் அவரும் ஒருவர்.

அதன் பிறகு அண்ணன் பிரசங்கம் செய்யவில்லை. சபை ஆளுக்கொரு பக்கம் போனது. இரண்டே மாதத்தில் ஷெட் நிஜமாகவே பனியன் கம்பெனி ஆனது. வாடகைக்கு எடுத்தவர் குழுத் தலைவர்தான். வாசலுக்கு நேரே பெரிய சாமி படம், தினமும் இரண்டு வேளை தீபாராதனை. அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. கம்பெனிக்குள் சாமி கும்பிடுவது வழிபாடு அல்லவே, வழக்கம்.

இப்போது நான் ரிட்டயர்ட். போன மாதம் ஒரு ஞாயிறு, ஒரு லைன் வீட்டு வாசலில் பெண்கள் சிலர் பத்து நிமிடத்துக்கு ஒருவராக, இடுப்பில் பனியன் மூட்டையோடு உள்ளே போவதைப் பார்த்தேன். பிசிறு நூல் வெட்டித் தரும் பீஸ் வேலை. கதவைச் சாத்த வந்த பெண்ணை அடையாளம் தெரிந்தது. தேவசகாயம் அண்ணனின் மகள். பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

"ஞாயித்துக்கெழமையும் வேலைங்களா?" என்றேன்.

"இல்லீங்க சார், ஜெபமுங்க. சும்மா வந்தா தெருவுல யாரு, எதுக்குன்னு கேக்கறாங்க. மூட்டையோட வந்தா கேக்கறதில்லீங்க."

"பாட்டுச் சத்தமே காணோமுங்களே?"

"பாடறதில்லீங்க. ஒதட்ட மட்டும் அசைச்சுக்குவோமுங்க."

அன்று பஸ் ஸ்டாப் வரை கேட்டது, இன்று வாசலில் நின்றும் கேட்கவில்லை. சரி, மூட்டையைக் காட்டித் தப்பிக்கிறார்களே என்று ஆறுதலாகச் சொல்லப்போனேன். அதற்குள் அவரே சொன்னார்:

"ஜெபம் முடிஞ்சதும் எல்லாரும் ஒக்காந்து அத்தனை பிசிறையும் வெட்டிக் குடுத்துட்டுத்தான் எந்திரிப்போமுங்க. அப்பா மாதிரி ஆயிரக் கூடாதுங்க சார்... கம்பெனின்னு சொன்னது பொய்யாப் போச்சுன்னு சாகற வரைக்கும் அவரு தூங்கலீங்க."